ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். ஏன் இன்னும் சரியாகவில்லை?

கேள்வி: எனக்கு வயது 42. திண்டுக்கல் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கியில் காசாளராக இருக்கிறேன். ஐந்து மாதத்துக்கு முன்பு தம்பியின் பைக்கில் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து போனபோது, கோடு அழிந்துபோன வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டுப் பின்மண்டை அடிபட விழுந்தேன். விழுந்ததும் தெரியாது, ஆட்டோவில் ஏற்றியதும் தெரியாது. ஆஸ்பத்திரியில்தான் நினைவு வந்தது. சி.டி. ஸ்கேன் எடுத்து ஒன்றுமில்லை என்று மறுநாளே அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் கழித்து வேலைக்குப் போனேன். அன்றிலிருந்து படாத பாடு. தலைவலிக்கு அநேகமாகத் தினமும் மாத்திரை போடுகிறேன். கூட்டம் வந்து நாலு பேர் சேர்ந்தாற்போல் பேசினால் எண்ணிய பணம் மறந்துபோகிறது. ஒருநாள் 2,000 ரூபாய் குறைந்து கைக்காசைப் போட்டுக் கட்டினேன். படுக்கையில் புரண்டாலும், பரணை அண்ணாந்து பார்த்தாலும் சுற்றுகிறது. குழம்பு அடிப்பிடித்துக் கருகினாலும் எனக்கு வாசனை தெரிவதில்லை. பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன், பிறகு உட்கார்ந்து அழுகிறேன். ஆள் நன்றாகத்தானே இருக்கிறாய், வேலைக்குப் பயந்து சாக்குச் சொல்கிறாய் என்கிறார் மாமியார். வீட்டுக்காரர் எதுவும் சொல்வதில்லை, அதுதான் இன்னும் வேதனை. எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா? மூளைக்கு டானிக் எழுதித் தந்திருக்கிறார்கள், தொடரலாமா? பிற்காலத்தில் மறதி நோய் வருமா? விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

பதில் (நரம்பியல் மறுவாழ்வு மருத்துவர்): சகோதரி, நீங்கள் சாக்குச் சொல்லவில்லை. உங்கள் மூளை நாளுக்கு நாள் அழிந்துகொண்டும் இல்லை. தலையில் லேசாக அடிபட்டு இப்படி வருபவர்களில் பாதிப் பேர் முதல் பயத்தோடும், மீதிப் பேர் இரண்டாவது பயத்தோடும் வருகிறார்கள். உங்களுக்கு இரண்டும் சேர்ந்திருக்கிறது. விருப்ப ஓய்வுக் கடிதத்தை இப்போதைக்கு எழுத வேண்டாம். மற்றதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ரத்தக்கசிவு இருக்கிறதா, எலும்பு உடைந்திருக்கிறதா, உடனே தலையைத் திறக்க வேண்டுமா என்று அன்றிரவே முடிவெடுக்கத்தான் சி.டி. ஸ்கேன். அந்த வேலைக்கு அதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் தலை வேகமாக ஆடி நிற்கும்போது மூளைக்குள் இழுபடும் நரம்பிழைகள் அதில் தெரியாத அளவுக்கு நுண்ணியவை. அடிபட்டதும் நரம்புச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. பழைய நிலைக்குத் திரும்புவதற்காகச் செல்கள் குளுக்கோஸை வாரி இறைக்கின்றன. அதே சமயத்தில் மூளைக்கு வரும் ரத்த ஓட்டம் குறைந்துபோகிறது. வரவு குறைந்த நாளில் செலவு கூடினால் கணக்கு என்னவாகும் என்று ஒரு காசாளருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த நெருக்கடி பெரும்பாலானவர்களுக்குச் சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் தீர்ந்துவிடும்.

உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் ஜி.சி.எஸ். 15/15 என்றோ 14/15 என்றோ எழுதியிருக்கும். கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் டீஸ்டேலும் ஜென்னெட்டும் 1974இல் வகுத்த அளவு அது. கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, சொன்னபடி கை காலை அசைக்கிறாரா என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். 13 முதல் 15 வரை இருந்து, மயக்கம் அரை மணி நேரத்துக்குள் தெளிந்து, நினைவுக் குழப்பம் ஒரு நாளுக்குள் சரியானால் அது லேசான மூளைக்காயம். முதல் சில மணி நேரத்தில் ஆபத்து எவ்வளவு என்று சொல்லும் மதிப்பெண் அது. ஐந்து மாதம் கழித்து நீங்கள் கவுண்டரில் உட்கார்ந்து பணம் எண்ண முடியுமா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் 11 பெரிய விபத்துச் சிகிச்சை மையங்கள் சேர்ந்து, லேசான மூளைக்காயம் பட்டவர்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்தன. 2019இல் வெளிவந்த முடிவின்படி, ஓராண்டுக்குப் பிறகும் 53 சதவீதம் பேர் ஏதோ ஒரு விதத்தில் தங்கள் பழைய வாழ்க்கைக்கு முழுதாகத் திரும்பவில்லை. இந்த எண்ணைப் பார்த்துக் கலங்க வேண்டாம். அதே ஆய்வில், தலையில் அடிபடாமல் கை கால் முறிந்தவர்களிலும் 38 சதவீதம் பேருக்கு அதே நிலைதான். அதாவது உங்கள் கஷ்டத்தில் ஒரு பங்கு மூளைக்கு உரியது. இன்னொரு பங்கு விபத்துக்கே உரியது: வலி, பயம், கெட்டுப்போன தூக்கம், வேலை போய்விடுமோ என்ற கவலை. இந்த இரண்டாவது பங்குக்கு நம்மிடம் நல்ல சிகிச்சை இருக்கிறது. அந்த ஆய்வுக் குழுவே பின்னர், நீடிக்கும் தொந்தரவுகள் பெண்களிடம், அதிலும் 35 முதல் 49 வயதுக்குள் இருப்பவர்களிடம் கூடுதலாக இருப்பதைக் கண்டது. காரணம் முழுக்கத் தெளிவாகவில்லை. என்னைக் கேட்டால் ஒன்று சொல்வேன்: நம் வீடுகளில் ஆணுக்கு ஓய்வு என்றால் கட்டில், பெண்ணுக்கு ஓய்வு என்றால் ஆபீஸ் போகாமல் அடுப்படியில் நிற்பது. உங்களுக்குக் கிடைத்த அந்தப் பத்து நாள் எப்படிப் போயிருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது.

சீக்கிரம் தீரக்கூடியதிலிருந்து தொடங்குவோம். புரண்டால், அண்ணாந்தால் சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இது பெரும்பாலும் மூளையின் கோளாறு அல்ல, உள்காதில் உள்ளது. அங்கே ஒரு பையில் ஒட்டியிருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் அடிபட்ட அதிர்ச்சியில் பெயர்ந்து, பக்கத்தில் உள்ள அரைவட்டக் குழாய்க்குள் போய்விடுகின்றன. தலையைச் சாய்க்கும்போதெல்லாம் அவை உருண்டு, உடம்பு சுழல்வதாக மூளைக்குப் பொய்த்தகவல் அனுப்புகின்றன. காது மூக்கு தொண்டை மருத்துவரோ பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டோ உங்களைப் படுக்க வைத்து, தலையை வரிசையாகச் சில நிலைகளில் திருப்பி அந்தத் துகள்களை இருந்த இடத்துக்கே கொண்டுபோவார்கள். எப்லி முறை என்று பெயர். ஐந்து, பத்து நிமிட வேலை. பலருக்கு ஓரிரு தடவையிலேயே நின்றுவிடும். தலைசுற்றல் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவதால் துகள் நகராது. இந்த எளிய விஷயம் தெரியாமல் ஐந்து மாதம் சுவரைப் பிடித்து நடந்தவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அடுத்தது தலைவலி. சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளுக்கு மேல் தொடர்ந்து சில மாதங்கள் போட்டால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கிவிடும். இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரையென்றால் 10 நாளே போதும். காலையில் எழும்போதே வலியோடு எழுகிறீர்களா, மாத்திரை போட்டு நாலைந்து மணி நேரத்தில் திரும்ப வருகிறதா என்று கவனியுங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு எத்தனை மாத்திரை என்று எழுதி, நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையைக் குறைக்கும் முதல் ஓரிரு வாரம் வலி கூடத்தான் செய்யும். அதனால் நீங்களாகவே நிறுத்தாமல், வலி வராமல் தடுக்கும் மருந்தின் துணையோடு அவர் சொல்கிறபடி குறையுங்கள். கழுத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பின்மண்டை தரையில் மோதும்போது கழுத்துத் தசைகளும் சுளுக்கிக்கொள்ளும். அங்கிருந்தும் தலைக்கு வலி ஏறும்.

மறதியைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் பயப்படுகிறீர்கள். நாலு பேர் பேசும்போது எண்ணியது மறந்துபோகிறது என்கிறீர்கள். ஆளில்லாத அறையில் எண்ணினால்? பெரும்பாலும் சரியாக வரும். அப்படியென்றால் மூளையில் பதிந்தது அழியவில்லை, பதிய வேண்டிய நேரத்தில் கவனம் சிதறியதால் பதியவே இல்லை. காயத்துக்குப் பிறகு, வேண்டாத சத்தத்தை ஒதுக்கி வேண்டியதை மட்டும் பிடிக்கும் சக்திதான் முதலில் களைத்துப்போகிறது. தலைவலி, அரைகுறைத் தூக்கம், கவலை மூன்றும் அதே சக்தியைத்தான் தின்கின்றன. இதில் இன்னொன்றும் சேர்கிறது. அடிபட்டவர்கள் விபத்துக்கு முந்தைய தங்களை, உண்மையில் இருந்ததைவிடக் குறையே இல்லாதவர்களாக நினைவில் வைத்திருப்பதை ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடியது முன்பும் நடந்ததுதான். இப்போது ஒவ்வொரு தடவையும் அது மூளை கெட்டதற்குச் சாட்சியாகிவிடுகிறது. கணக்கில் குறைந்த 2,000 ரூபாயை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அது நீங்கள் தேறாமலேயே கூட்டத்தின் நடுவே உட்கார வைக்கப்பட்டதால் வந்த நஷ்டம்.

ஓய்வு பற்றி நம் ஊரில் தவறான எண்ணம் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஒரு மாதம் இருட்டறையில் படு என்பார்கள், இல்லாவிட்டால் மறுநாளே எழுந்து வேலையைப் பார் என்பார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் இளவயதினரை வைத்து நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நாள் கட்டாய ஓய்வில் இருந்தவர்கள், ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் மெல்ல நடமாடத் தொடங்கியவர்களைவிட அதிகத் தொந்தரவுகளைச் சொன்னார்கள். பஃபலோ பல்கலைக்கழகத்தில் பதின்வயது விளையாட்டு வீரர்களுக்குத் தினமும் 20 நிமிடம், தொந்தரவைக் கிளப்பாத அளவுக்கு உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். வெறுமனே கை கால் நீட்டும் பயிற்சி செய்தவர்களுக்கு 17 நாள் பிடித்தது, இவர்களுக்கு 13 நாளில் குணமானது. இவையெல்லாம் அடிபட்ட புதிதில் உள்ள இளைஞர்களைப் பற்றியவை. உங்கள் வயதுக்கும் ஐந்தாவது மாதத்துக்கும் அந்த நாள் கணக்கு பொருந்தாது. ஆனால் வழி பொருந்தும். சுற்றல் சரியானதும், காலை வெயில் ஏறுமுன் 20 நிமிடம் நடங்கள். தொந்தரவுக்குப் பத்துக்கு இத்தனை என்று நீங்களே மதிப்பெண் போடுங்கள். நடக்கும்போது இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் ஏறாமல், ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டால் அது தாங்கும் அளவு. மேலே போனால் மறுநாள் வேகத்தைக் குறையுங்கள், நடப்பதை நிறுத்த வேண்டாம். வீட்டுவேலை, டி.வி., கல்யாண வீட்டுக்குப் போவது எல்லாவற்றுக்கும் இதே அளவுகோல்தான்.

வாசனை தெரியாததை நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். நான் கடக்க மாட்டேன். மூக்கின் கூரையில் சல்லடை போன்ற ஒரு மெல்லிய எலும்பு இருக்கிறது. வாசனை நரம்பின் இழைகள் அதன் துளைகள் வழியாகத்தான் மூளைக்குப் போகின்றன. பின்மண்டை அடிபடும்போது மூளை முன்னும் பின்னும் ஆடி, அந்த இழைகள் அறுந்துபோகலாம். பின்பக்க அடியில் இது நடக்க வாய்ப்பு அதிகம். உப்பு, புளிப்பு, உறைப்பு நாக்கில் தெரியும். பெருங்காயம், கறிவேப்பிலை, காபி, மல்லிகை எதுவும் தெரியாது. சாப்பாட்டில் ருசி போய், சமைப்பதில் இருந்த சந்தோஷம் போய், தன் உடம்பில் வியர்வை நாற்றம் அடிக்கிறதோ என்ற கூச்சம் வந்து ஒட்டிக்கொள்ளும். இதனால் மட்டுமே மனம் சோர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 'சமைக்கத் தெரியாமல் போய்விட்டதா?' என்ற பேச்சும் வீட்டில் எழுந்திருக்கும்.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு. ஜெர்மனியில் ஹும்மெல் என்ற மருத்துவரின் குழு 2009இல் வெளியிட்டது. அதற்கு வேண்டிய நாலும் நம் வீட்டிலேயே கிடைக்கும்: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் பத்துப் பதினைந்து நொடி மென்மையாக முகர்ந்து, அதன் பழைய வாசனையை மனதில் கொண்டுவர முயலுங்கள். குறைந்தது மூன்று மாதம் செய்ய வேண்டும். அறுந்த நரம்புக்கு இது உத்தரவாதமான மருந்தல்ல; சிலருக்கு ஓரளவு திரும்புகிறது, சிலருக்குத் திரும்புவதில்லை. திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள் அறிகுறி தெரியும். அதுவரை பாதுகாப்பு முக்கியம். கேஸ் கசிந்தால் உங்களுக்குத் தெரியாது. ஒலியெழுப்பும் கசிவுக் கருவி ஒன்றை இந்த வாரமே அடுப்படியில் மாட்டுங்கள். பால், மீன், நேற்றைய குழம்பு கெட்டுவிட்டதா என்று முகர்ந்து சொல்லும் வேலையை வீட்டில் வேறு ஒருவரிடம் கொடுங்கள்.

எரிந்து விழுவதும் அழுவதும் குணக்கேடு அல்ல. லேசான மூளைக்காயத்துக்குப் பிறகு ஆறாவது மாதத்தில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வோ விபத்து அதிர்ச்சியின் பாதிப்போ இருப்பதை, 11 மையங்கள் சேர்ந்து நடத்திய அந்த அமெரிக்க ஆய்வு கண்டது. மறுபடி பைக்கில் உட்காரப் பயமாக இருக்கிறதா? விழுந்தது கனவில் வருகிறதா? காலையில் எழவே பிடிக்கவில்லையா? இதில் ஒன்றிருந்தாலும் மனநல மருத்துவரைப் பாருங்கள். போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தூக்கமும் மனமும் சீரானதும் தலைவலியும் மறதியும் கூடவே குறைவதை நான் அடிக்கடி காண்கிறேன்.

இனி எம்.ஆர்.ஐ. சி.டி. சரியாக இருந்தவர்களிலும் கால் பங்குக்குச் சற்றுக் கூடுதலானவர்களுக்கு, ஆரம்ப நாட்களில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் சிறு மாற்றங்கள் தெரிந்ததாக 2013இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. ஆனால் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் உங்களுக்கு இன்று செய்ய வேண்டிய சிகிச்சை மாறாது. அதற்காகக் கடன் வாங்காதீர்கள். வாசனை இழப்புக்காகவோ தலைவலிக்காகவோ மருத்துவர் கேட்டால் எடுங்கள். தலைவலி நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போய் வாந்தி வந்தால், ஒரு பக்கக் கை கால் வலுவிழந்தால், வலிப்பு வந்தால், பகலில் எழுப்ப முடியாத தூக்கம் வந்தால் மட்டும் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வயதானவர்களுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கும், அடிபட்டுப் பல வாரம் கழித்துக்கூட மூளையைச் சுற்றி ரத்தம் தேங்கலாம். உங்கள் மாமியார் எப்போதாவது வழுக்கி விழுந்தால் இதை நினைவில் வையுங்கள்.

டானிக் எது என்று நீங்கள் எழுதவில்லை. நம் ஊரில் பெரும்பாலும் சிட்டிகோலின்தான் எழுதுகிறார்கள். மூளைக்காயம் பட்ட 1,213 பேருக்கு 90 நாள் அதையும், மருந்தில்லாத போலி மாத்திரையையும் கொடுத்து ஒப்பிட்டு 2012இல் வெளியிட்டார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. எழுதித் தந்த மருத்துவரிடம் கேட்டுவிட்டு நிறுத்தலாம் என்பது என் கருத்து. அந்தப் பணத்தில் ரத்தசோகை, தைராய்டு, பி12 பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். உங்கள் வயதில் களைப்புக்கு இவையும் காரணமாக இருக்கலாம். வல்லாரைக் கீரை பிடித்தால் சாப்பிடுங்கள், அது சாப்பாடு.

மறதி நோய் பற்றி: தலைக்காயம் பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் அந்த ஆபத்து சற்றுக் கூடுதல் என்று பெரிய ஆய்வுகள் காட்டுகின்றன. ஒருமுறை பட்ட லேசான அடிக்கு அந்தக் கூடுதல் சிறியது. இப்படி அடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு அந்த நோய் வருவதில்லை. இன்று உங்களுக்கு இருக்கும் மறதி அதன் தொடக்கமும் இல்லை. ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பதும், இன்னொரு முறை தலையில் அடிபடாமல் பார்ப்பதும் உங்கள் கையில் இருக்கிறது. இனி பின்னால் உட்கார்ந்தாலும் ஹெல்மெட் போடுங்கள், இருபுறமும் கால் போட்டு உட்காருங்கள்.

இங்கே ஒரு ஆதங்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரத்தில் உயிரைக் காக்கத் தமிழ்நாட்டில் 2021 முதல் அரசுத் திட்டம் இருக்கிறது, நல்ல திட்டம். ஆனால் உங்களைப் போன்றவர்களுக்குக் கஷ்டம் 49ஆவது மணி நேரத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஆஸ்திரேலியாவில் பான்ஸ்ஃபோர்டு என்ற உளவியலாளரின் குழு, அடிபட்ட ஒரு வாரத்துக்குள் என்னென்ன தொந்தரவு வரும், எப்படிச் சமாளிப்பது என்று எழுதிய சிறு புத்தகத்தைக் கொடுத்துப் பார்த்தது. அதைப் பெற்றவர்களுக்கு மூன்றாவது மாதத்தில் தொந்தரவுகளும் மன அழுத்தமும் குறைவாக இருந்ததை 2002இல் வெளியிட்டார்கள். நாலு பக்கத் தமிழ்த் தாள் ஒன்றை டிஸ்சார்ஜ் சீட்டோடு பின் செய்து கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்? அது உங்கள் கையில் இருந்திருந்தால், இந்த ஐந்து மாதமும் நீங்கள் உங்களையே சந்தேகப்பட்டிருக்க மாட்டீர்கள்.

இந்தப் பத்தியை மாமியாரிடமும் வீட்டுக்காரரிடமும் காட்டுங்கள். அம்மா, உங்கள் மருமகளுக்குக் கட்டு இல்லை, தையல் இல்லை, அதனால் காயம் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அது உண்மை. அவர் காலையில் சிரித்துப் பேசிவிட்டு மாலையில் சுருண்டு படுப்பது நடிப்பல்ல, இந்தக் காயம் அப்படித்தான் இருக்கும். மாலை ஆறு முதல் ஏழு வரை டி.வி.யையும் மிக்ஸியையும் நிறுத்தி அவரைத் தனியே விட்டால் இரவில் எரிச்சல் குறையும். ஐயா, நீங்கள் பேசாமல் இருப்பது எதைச் சொல்லி ஆறுதல்படுத்துவது என்று தெரியாததால்கூட இருக்கலாம். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கூடப் போய் உட்காருங்கள், அது போதும்.

மூளைக்காயத்துக்குப் பிறகு வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று அளக்க, குவாலிப்ரி என்ற 37 கேள்விகள் கொண்ட படிவம் இருக்கிறது. சிந்தனை, தன்னைப் பற்றிய எண்ணம், அன்றாட வாழ்வு, உறவுகள், மனம், உடல் என்று ஆறு பக்கமும் கேட்பார்கள். அதில் எனக்குப் பிடித்தது, தலைவலி எத்தனை என்பதோடு அது நிற்காததுதான். தலைவலி மிச்சமிருந்தும் நிறைவாக வாழ்பவர்கள் உண்டு. தலைவலி போயும் வீட்டைவிட்டு வெளியே வராதவர்கள் உண்டு. எது இல்லாமல் போனது உங்களுக்கு அதிகம் வலிக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சிகிச்சையின் முதல் குறி அதுவாக இருக்கட்டும். உங்கள் கடிதத்தை வாசித்தால் அது கவுண்டர் வேலை என்றே எனக்குத் தோன்றுகிறது.

வேலைக்கு வருவோம். விருப்ப ஓய்வு திரும்பப் பெற முடியாத முடிவு. மனம் சோர்ந்திருக்கும்போது அதை எடுக்கக் கூடாது. முதலில் மூன்று வாரம் மருத்துவ விடுப்பு எடுத்து சுற்றல், மாத்திரை, தூக்கம் மூன்றையும் சரிசெய்யுங்கள். பிறகு பாதி நாள், பின்னறையில், வவுச்சர் சரிபார்ப்பு போல ஒரு நேரத்தில் ஒரே வேலை. நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்காருங்கள். தாங்கினால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கூட்டுங்கள். கவுண்டர் கடைசியில்தான். அப்போதும் முதல் இரண்டு வாரம், கட்டும் பணத்தை இன்னொருவர் சரிபார்க்கட்டும். 'லேசான பணி கொடுக்கவும்' என்று மட்டும் மருத்துவச் சான்று வாங்கினால் மேலாளர் என்ன செய்வதென்று தெரியாமல் விழிப்பார். எத்தனை மணி நேரம், எந்த வேலை கூடாது, எத்தனை வாரம் என்று மருத்துவரை விவரமாக எழுதச் சொல்லுங்கள். கவுண்டருக்குத் திரும்பும் முதல் நாள், நகைக்கடன் கூட்டம் நெரியும் திங்கட்கிழமையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.